பெருங்குடல் புற்றுநோய்: உடன்பிறந்தோரிடம் மறைக்காதீர்கள்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டையும் அடுத்த வருகைக்கான தேதியையும் கொடுத்தபின், அவருடைய குடும்பத்தாரிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "இவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? இவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று அவர்களுக்குத் தெரியுமா?"

பல குடும்பங்களில் முதலில் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. பிறகு ஒருவர் தயங்கியபடி, "வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், டாக்டர்" என்பார். வீட்டில் திருமண வயதில் ஒரு பெண் இருப்பாள். வயது முதிர்ந்த தாய் இந்தச் செய்தியைத் தாங்கமாட்டார் என்ற கவலை இருக்கும். ஊரார் பேச்சுக்கு அச்சம் இருக்கும். இந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆயினும், நோயின் பெயரை மறைப்பதால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் எதை இழக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

அவகாசம் தரும் நோய்

நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் சிலருக்கு மருவைப் போன்ற சிறு வளர்ச்சிகள் தோன்றுகின்றன. இவற்றைப் பாலிப் என்கிறோம். பெரும்பாலான பாலிப்புகள் தீங்கின்றி இருந்துவிடும். ஆனால் சில வகைப் பாலிப்புகளில் ஒரு பகுதி மெல்ல மெல்லப் புற்றாக மாறுகிறது. இம்மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கிறது. அக்காலத்தின் பெரும்பகுதியில் வலி இராது, பசி குறையாது, உடல் மெலியாது. எனவே, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்பதைக் குடல் நலமாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

இந்த நீண்ட அவகாசமே நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. கொலோனோஸ்கோப்பி செய்யும்போது பாலிப் தென்பட்டால், பெரும்பாலும் அப்பொழுதே மெல்லிய கம்பி வளையத்தைக் கொண்டு அதை அகற்றிவிடலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அடினோமா வகைப் பாலிப்புகள் அகற்றப்பட்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2012இல் வெளியானது. பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிடுகையில், அவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 53 விழுக்காடு குறைவாக இருந்தது.

பாலிப் நிலையைக் கடந்து புற்றாக மாறியிருந்தாலும், குடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டறிந்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு வருவோருக்குச் சிகிச்சை நீண்டதாகவும் கடினமானதாகவும் ஆகிவிடுகிறது. அவர்களுள் பலரை எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

யார், எந்த வயதில்?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. இத்தகையோர் 40 வயதிலோ, நோயுற்றவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது, கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, அண்ணனுக்கு 46 வயதில் நோய் கண்டறியப்பட்டிருந்தால், தம்பியும் தங்கையும் 36 வயதிலேயே பரிசோதனைக்கு வர வேண்டும். ஒரே குடும்பத்தில் பலருக்குப் பெருங்குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், மரபணுக் காரணம் இருக்கக்கூடும். அக்குடும்பங்களில் இருபது வயதுகளிலேயே பரிசோதனையைத் தொடங்க நேரிடலாம்.

குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லாதவர்களுக்கு, 45 வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டுமென அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் அந்த வயது 50ஆக இருந்தது. நம் நாட்டில் 2016இல் வகுக்கப்பட்ட தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு உரியது. பெருங்குடல் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, எவரேனும் அழைப்பார்கள் என்று காத்திராமல், நீங்களே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மூலம் என்று முடிவு கட்டாதீர்கள்

மலத்துடன் இரத்தம் வந்தால் அதை மூலம் என்று தாமே முடிவு செய்து, மாதக்கணக்கில் கைமருந்து சாப்பிட்டுவிட்டு வருவோரைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். மூலம் உள்ளவருக்கும் குடலில் கட்டி இருக்கலாம். மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலம் கழிக்கும் வழக்கம், காரணமின்றி எடை குறைதல், ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை ஆகியவற்றுள் எது இருந்தாலும், வயதைப் பொருட்படுத்தாமல் உடனே மருத்துவரைக் காணுங்கள்.

பரிசோதனைகள் இரண்டு

முதலாவது மலப் பரிசோதனை. கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தை இது கண்டறிகிறது. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். நோய்க்குறிகளும் குடும்ப வரலாறும் இல்லாதவர்களுக்கு ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் கொலோனோஸ்கோப்பி கட்டாயம்.

இரண்டாவது கொலோனோஸ்கோப்பி. வளையக்கூடிய மெல்லிய குழாயின் முனையிலுள்ள கேமரா மூலம் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறோம். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து தரப்படுவதால் வலி குறைவாகவே தெரியும். குடலில் துளை விழுதல் போன்ற சிக்கல்கள் மிக அரிது. பாலிப் ஏதுமில்லாத சராசரி மனிதருக்கு அடுத்த பரிசோதனை பத்தாண்டுக்குப் பின் போதும். குடும்ப வரலாறு உள்ளவர்கள் இன்னும் விரைவில் வர வேண்டும்.

முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பலருக்குச் சிரமமானது. அதை முழுமையாகக் குடித்தால்தான் குடல் தெளிவாகத் தெரியும். கீரையும் கொய்யா விதையும் சிறு பாலிப்பை எளிதில் மறைத்துவிடும். நீரிழிவு மருந்தோ இரத்தத்தை இளக்கும் மருந்தோ உட்கொள்பவர்கள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். மயக்க மருந்தின் விளைவு நீங்க நேரமாகும் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது.

கூச்சத்தால் தள்ளிப்போடுவோரும் உண்டு. போர்வையால் உடலை மூடியே இப்பரிசோதனை செய்யப்படுகிறது. பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கப் பெண்கள் தயங்க வேண்டாம்.

எப்படிச் சொல்வது?

ஊராருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நோயுற்றவரின் இசைவோடு, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், வயதுவந்த பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும் சொன்னால் போதும். நோயின் சரியான பெயர், கண்டறியப்பட்ட வயது, திசுப் பரிசோதனை அறிக்கையின் நகல் ஆகிய மூன்றையும் கொடுங்கள். அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், அங்குள்ள மருத்துவருக்கு இவை பேருதவியாக இருக்கும். எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால், அடுத்த முறை வரும்போது அவர்களையும் அழைத்து வாருங்கள், நாங்களே எடுத்துரைக்கிறோம்.