முழங்கால் காத்திருக்காது!

"ரிடையரானதும் காசிக்குப் போகணும்னு இருபது வருஷமா ஆசை டாக்டர். இப்போ படியேறவே முடியலையே!" என்று கண் கலங்கினார், என்னிடம் வந்த ஒரு பெரியவர். வலிக்குத் தைலம் கொடுத்தேன். போன இருபது வருஷத்துக்கு என்னிடம் மருந்து ஏது?

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் – மோகனா தம்பதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். பற்றாததற்கு வங்கிக் கடன். ஊர் சுற்றி வந்து, டீ ஆற்றியே கடனை அடைத்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். மொத்தம் 26 நாடுகள்! 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அவர் தள்ளிப் போட்டிருந்தால்?

எல்லோரும் கடன் வாங்கிப் பறக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஆசை பக்கத்து ஊர் மலைக்கோயிலாகக்கூட இருக்கலாம். இன்றே ஓர் உண்டியல் வையுங்கள். தினமும் அரைமணி நேரம் நடந்து, கால்களையும் பழக்குங்கள்.

கிளம்பும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். 'பாத்ரூமுக்கு எங்கே போவது?' என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். ரயிலோ விமானமோ, அவ்வப்போது எழுந்து நாலு அடி நடங்கள். குமட்டினால் இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரிடம், "மகனைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு மெதுவா போய்ட்டு வாங்க" என்றேன். போன வாரம் வந்தார். வலி இருக்கிறதாம். சட்டைப்பையில் ரயில் டிக்கெட்டும் இருந்தது!