குற்றாலம் என்றால் அருவி மட்டும்தானா?

குற்றாலம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? "அருவி!" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால், அதே ஊரில் சுவரெல்லாம் ஓவியமாக விளங்கும் ஒரு சபை இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்ற தோட்டங்களின் கதையும் இருக்கிறது. அடுத்த முறை அவற்றையும் பார்த்து வரலாமா? அதற்கு இப்போதே திட்டம் போடுவோம், வாருங்கள்!

எப்போது போகலாம்?

தென்காசி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமானது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். பஸ் வசதி உண்டு. ஜூன் மாதம் தொடங்கினால் சாரல் காலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை அதிகம் கிடைப்பதில்லை. குற்றாலத்துக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. ஈரக்காற்று அந்த வழியாகப் புகுந்து வருகிறது. அதனால்தான் இந்தச் சாரல்!

சீசனில் விடுமுறை நாள் என்றால் கூட்டம் அலைமோதும். ஓவியங்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமா? கூட்டம் குறைவான நாளாகப் பார்த்து, காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் கோவில் நடை சாத்திவிடுவார்கள்.

முதலில் சித்திர சபை

நடராசப் பெருமானுக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளிசபை, திருநெல்வேலியில் தாமிரசபை, திருவாலங்காட்டில் இரத்தினசபை, குற்றாலத்தில் சித்திரசபை. மற்ற நான்கிலும் நடராசர் சிலையாக இருக்கிறார். இங்கே மட்டும் ஓவியமாகவே இருக்கிறார்! குற்றாலநாதர் கோவிலிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக இருக்கும் இந்தச் சபையில், திருவிளையாடல் கதைகளும் சுவர்களில் தீட்டப்பட்டுள்ளன.

அந்தக் காலத்து ஓவியர்கள் கடையில் பெயின்ட் வாங்கவில்லை. சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, வழுவழுப்பாக்கி, அதன்மேல் வரைவார்கள். சிவப்புக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி, கறுப்புக்குக் கரி. எல்லாம் மண்ணிலும் அடுப்பிலும் கிடைத்தவை!

பள்ளிச் சுற்றுலாவின்போது என் மாணவர்களிடம், "எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். ஒன்றை நன்றாகப் பாருங்கள்" என்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே ஓர் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். யார் யார் இருக்கிறார்கள்? கை எப்படி இருக்கிறது? எந்த நிறம் அதிகம்? நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விரும்பினால், முதலில் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

தொடாதே என்பது ஏன்?

நம் விரலில் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் இருக்கும். ஒருவர் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆயிரம் பேர் தொட்டால்? நிறம் மங்கிவிடும், சாந்து உதிர்ந்துவிடும். ஆணியால் பெயர் கிறுக்கினாலோ, அந்தக் காயம் ஆறவே ஆறாது.

பிரான்ஸ் நாட்டில் லாஸ்கோ என்று ஒரு குகை. அதிலுள்ள பழைய ஓவியங்களை 1940-இல் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? உங்களைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு பையன்கள்! கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சுக்காற்றாலேயே ஓவியங்கள் கெடத் தொடங்கின. எனவே 1963-இல் குகையை மூடிவிட்டார்கள். இன்று மக்கள் பார்ப்பது நகல்களைத்தான். நம் சித்திர சபைக்கு அந்த நிலை வரலாமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதுகூட ஒரு தொண்டுதான்!

அடுத்து, தோட்டத்தின் கதை

கிராம்பும் ஜாதிக்காயும் நம் ஊர்ச் செடிகள் அல்ல. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து வந்தவை. டச்சுக்காரர்கள் அவற்றை வேறு யாருக்கும் கிடைக்காமல் காவல் காத்தார்கள். 1796-இல் அந்தத் தீவுகளை ஆங்கிலேயர் பிடித்தனர். 1800-ஆம் ஆண்டுவாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நறுமணத் தோட்டம் வைத்து, கிராம்பு பயிரிட்டனர். இந்தியாவில் கிராம்பு பயிரிடத் தொடங்கிய கதை இதுதான்! நாம் மெல்லும் கிராம்பு காயல்ல, காய்ந்த பூமொட்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஓர் அருவிக்கே பழத்தோட்ட அருவி என்று பெயர். ஐந்தருவி செல்லும் வழியில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் இருக்கிறது. குற்றாலநாதர் கோவிலின் தல மரமான குறும்பலாவையும் மறக்காதீர்கள். அந்தப் பலா மரத்துக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் பாடியிருக்கிறார்.

சீசனில் மங்குஸ்தான் பழம் கிடைத்தால் ஒரு வேடிக்கை செய்யுங்கள். பழத்தின் அடியில் சிறு பூப் போன்ற அடையாளம் இருக்கும். அதன் இதழ்களை எண்ணுங்கள். பிறகு பழத்தை உடைத்து, உள்ளே உள்ள சுளைகளை எண்ணுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கை!

கடைசியாக அருவி

காவலர்கள் "குளிக்காதே" என்றால், அன்று குளிக்கக் கூடாது. உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும், மலை உச்சியில் பெய்த மழை நொடியில் வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். தம்பி, தங்கையின் கையை விடாதீர்கள்.

பையில் என்னென்ன?

நோட்டு, பென்சில், குடை, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, குப்பை போட ஒரு துணிப்பை. சோப்பும் ஷாம்புவும் வேண்டாம். அந்தத் தண்ணீர் சிற்றாறாகிக் கீழேயுள்ள வயல்களுக்குப் போகிறது.

என்ன குழந்தைகளே, திட்டம் தயாரா? போய் வந்ததும், நீங்கள் பார்த்த ஓவியத்தை நினைவிலிருந்து வரைந்து வகுப்பில் காட்டுங்கள். உங்கள் நண்பர்களும் புறப்பட்டுவிடுவார்கள்!