கரையும் கற்குன்றுகள்

தேநீரில் இட்ட சீனி சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. எனினும், அது அழிந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரெங்கும் பரவியுள்ளது. இங்குச் சீனி கரைபொருள், நீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல்.

கல்லும் இவ்வாறு கரையுமா? ஈப்போ நகரைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் இதற்கு விடை கூறுகின்றன. தூய நீரில் சுண்ணாம்புக்கல் மிக மிகக் குறைவாகவே கரையும். ஆனால், மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைத் தன்னுள் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த அமிலமாகிறது. அந்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கிக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நெடுங்காலத்தில் வெடிப்புகள் விரிந்து குகைகளாகின்றன. கோப்பெங் அருகிலுள்ள தெம்புரோங் குகை இவ்வாறு உருவானதே. குகையின் கூரையில் துளித்துளியாகக் கசியும் கரைசலிலிருந்து கரிவளி வெளியேறும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து கற்கூம்புகளாகத் தொங்குகிறது.

கரைதலால் ஆபத்தும் உண்டு. வெடிப்புகள் விரியவிரியப் பாறை தன் பிடிப்பை இழக்கிறது. 1973ஆம் ஆண்டில், கல்லுமலை முருகன் ஆலயம் அமைந்துள்ள குனோங் சீரோ குன்றிலிருந்து பெரும்பாறை சரிந்து, அடிவாரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர்.

குன்று அசையாமல் நிற்பதுபோல் தோன்றினாலும், ஒவ்வொரு மழையிலும் அதன் ஒரு சிறு பகுதி கரைந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே, அடிவாரத்தில் வீடு கட்டும் முன்னர்ப் பாறையின் நிலையை ஆராய்ந்தறிவது இன்றியமையாததாகும்.