ஜெமினி முனையில் ஒரு நைட் கிளப்

1969இல் மெட்ராஸில் மதுவிலக்கு அமலில் இருந்தது. பர்மிட் வைத்திருந்தவர்கள் பெரிய ஓட்டலில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். மற்றவர்களுக்குச் சோடாவும் காபியும்தான். அப்படிப்பட்ட ஊரில், மவுண்ட் ரோட்டில், ஜெமினி ஸ்டூடியோவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சஃபையர் தியேட்டர் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நைட் கிளப் நடந்தது. பெயர் ‘நைன் ஜெம்ஸ்’. ஜெமினி மேம்பாலம் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது. மேலே சஃபையர், எமரால்ட், புளூ டயமண்ட் என்று மூன்று திரைகள். புளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கீழே பாட்டு.

அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருபதை ஒட்டிய வயதில், புடவை கட்டிக்கொண்டு, ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். உஷா உதுப். பம்பாயில் படித்த காலத்தில், குரல் கட்டையாக இருக்கிறதென்று பள்ளிப் பாட்டு வகுப்பிலேயே ஓரங்கட்டப்பட்டவர். கிளப் பாடகி என்றால் கவுன், கையுறை என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. இவரோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி வந்து நின்று, அடிவயிற்றிலிருந்து பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் அங்கேயே தொடர்ந்து பாடச் சொன்னார்கள். அங்கிருந்து கல்கத்தாவின் டிரிங்காஸ், பிறகு டெல்லி, பிறகு சினிமா.

ஆனால் அன்றைய தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த நைட் கிளப் இதுவல்ல. அது கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் போட்ட செட். வில்லன் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பான், ஜோதிலட்சுமி ஆடுவார், எல். ஆர். ஈஸ்வரியின் குரல் மூச்சு வாங்கும். தணிக்கைக்குப் பயந்து கிளைமாக்ஸில் எல்லோரும் திருந்திவிடுவார்கள். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் டிரம்ஸும் சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் வாசித்தவர்களில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் உண்டு. ஊரார் ஏற்காத இசையை ஊரார் காதுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள்தான் என்பேன்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் இன்னொரு கூத்து. அமெரிக்கக் கறுப்பின மக்கள், தேவாலயப் பாட்டின் உருக்கத்தை அப்படியே காதலுக்கும் ஏக்கத்துக்கும் இறக்கிப் பாடியது சோல் இசை. ரே சார்ல்ஸையும் அரேதா ஃபிராங்க்ளினையும் உலகம் கொண்டாடியது. வடக்கு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிப் பிள்ளைகளோ அமெரிக்காவிலேயே விலைபோகாத இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து ஆடினார்கள். மான்செஸ்டரில் ‘ட்விஸ்டட் வீல்’, 1973 முதல் 1981 வரை ‘விகன் கேசினோ’. நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியும்வரை ஆட்டம். அங்கேயும் மது கிடையாது! கேரம் போர்டில் தூவுவது போல மரத்தரையில் பவுடரைத் தூவி, வழுக்கிச் சுழன்று ஆடுவார்கள். எந்தத் தட்டு என்று போட்டியாளருக்குத் தெரியக்கூடாதென்று டி.ஜே.க்கள் லேபிளை மறைத்து ஒட்டுவார்கள். அவர்கள் பித்தாய்த் திரிந்த ஃபிராங்க் வில்சனின் 1965ஆம் வருடத்துத் தட்டு ஒன்று, 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது.

விகனில் மேடைப் பாடகர் முக்கியமில்லை. ஆட்டம்தான் ஆளை இழுத்தது. மெட்ராஸில் அதற்கு நேர் எதிர்: பாடகிதான் எல்லாம். மேசையில் காபி, எதிரே மேடை, முதல் வரிசையில் யார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம். அந்த வகையில் நைன் ஜெம்ஸ், மயிலாப்பூர் சபாவுக்குத் தூரத்து உறவு என்றே தோன்றுகிறது. கேன்டீன் மட்டும் சபாவில்தான் ஒசத்தி.

1971 ஆகஸ்டில் மதுவிலக்கு போனது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மீண்டும் போனது. சட்டம் இப்படி ஊஞ்சலாடிய காலத்தில் மேற்கத்திய இசை தென்சென்னையில் வேறு வாசல்களைத் தேடிக்கொண்டது. லஸ் பக்கம் சாய் லாட்ஜில் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் பாடம் நடத்தினார். இளையராஜா அங்கே கற்றவர். ஐ.ஐ.டி.யின் ‘மார்டி கிரா’ விழாவில், பின்னாளில் ‘சாரங்’ ஆனதில், திறந்தவெளி அரங்கு ராக் இசைக்குக் காத்துக் கிடந்தது. ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று ஓர் இசைக்குழு வைத்திருந்த இளைஞர் ஒருவர் பிறகு ‘ரோஜா’வுக்கு இசையமைத்தார்.

சஃபையர் தொண்ணூறுகளில் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டது. அதே முனையில், ஜெமினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில், 2002இல் ‘தி பார்க்’ ஓட்டல் எழுந்தது. உள்ளே ‘பாஷா’ என்ற நைட் கிளப். டி.டி.கே. சாலையில், மியூசிக் அகாடமி இருக்கும் அதே சாலையில், அடையாறு கேட் என்று ஊர் அழைத்த ஓட்டலில் ‘டப்ளின்’ என்ற பப் வந்தது. டிசம்பர் சீசனில் ஒரு வாசலில் பட்டும் விபூதியும், இன்னொரு வாசலில் ஜீன்ஸும் சென்ட்டும். அந்த ஓட்டலும் 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இந்த நைட் கிளப்புகள் ஓட்டலுக்குள்ளேயே அடைந்து கிடந்ததற்குக் காரணம் ரசனையல்ல, உரிமம். தமிழ்நாட்டில் மது பரிமாற நட்சத்திர ஓட்டலோ உறுப்பினர் கிளப்போ வேண்டும். தெருமுனையில் ஒருவர் நினைத்தால் பெங்களூரைப் போல பப் திறக்க முடியாது. அதனால் வாடகையும் விலையும் ஓட்டல் கணக்கில் ஏறின. இசைக்குழுவுக்குக் கூலி கொடுப்பதைவிட டி.ஜே. ஒருவரை வைப்பது சிக்கனமாகப்பட்டது. இன்று குடிக்க மது உண்டு, ஆட இடம் உண்டு, நெஞ்சு அதிரும் ஸ்பீக்கர் உண்டு. பாடகியைத்தான் காணோம். எனக்கு இது நஷ்டக் கணக்காகவே படுகிறது.

உஷா உதுப் இன்னும் காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டுமாக மேடையேறுகிறார். 2024இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். நேரே நின்று பாடுபவரைக் கேட்க வேண்டுமென்றால் பெசன்ட் நகர், ஆழ்வார்பேட்டை கஃபேக்களில் ‘ஓப்பன் மைக்’ இரவுகளுக்குப் போகலாம். கிடாரோடு ஒருவர் வருவார், சில சமயம் நன்றாகவே பாடுவார். அங்கே மது உரிமம் கிடையாது, காபிதான். நுழைவுச் சீட்டு விலை பெரும்பாலும் ஒரு சினிமா டிக்கெட்டை ஒட்டித்தான் இருக்கும்.