ஈ, தா, கொடு

‘ஒரு பொருட் பன்மொழி என்று நிகண்டுகள் அடுக்கும் சொற்கள் எல்லாம் ஒன்றுதானா? அப்படியானால் ஒன்று போதாதா?’ என்று இத்தொடரைக் கேட்டுவரும் வல்வெட்டித்துறை நேயர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. நிகண்டு செய்யுள் செய்பவனுக்குக் கைகொடுக்க வந்தது. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைக் காட்டுவதே அதன் வேலை. சொற்களுக்கு இடையே உள்ள மயிரிழை வேற்றுமையை அது சொல்லாது. அதற்கு நாம் தொல்காப்பியரிடம் போகவேண்டும்.

ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் எச்சவியலில் அவர் எடுத்துக்கொள்கிறார். மூன்றும் இரந்து கேட்கும்போது வரும் சொற்கள். கேட்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒப்பானவன் ‘தா’ என்பான். உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே. மாறுவது கேட்பவன் நிற்கும் இடம். புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார் இரப்பதற்கு ‘ஈ’ என்பதையும், வலியப் போய் வழங்குவதற்குக் ‘கொடு’ என்பதையும் எதிரெதிரே நிறுத்தியிருப்பது தற்செயலன்று.

இன்று ‘ஈ’ பேச்சிலிருந்து போய்விட்டது. ஈகையிலும், பிள்ளைகள் கணக்குக் கொப்பியில் எழுதும் ‘ஈவு’ என்பதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் படிநிலை போய்விட்டதா? இல்லை. யாழ்ப்பாணத்தில் அது வினையடியை விட்டு விகுதிக்கு மாறிவிட்டது: தா, தாரும், தாங்கோ. கரையில் வள்ளம் வந்து நிற்கும்போது, ‘அண்ணை, கறிக்கு ரெண்டு மீன் தாங்கோவன்’ என்பார்கள். அந்த ‘வன்’ கெஞ்சலுமல்ல, கட்டளையுமல்ல. உரிமையோடு இழுத்துக் கேட்பது. இதற்கு எந்த நிகண்டில் இடம் இருக்கிறது?

தாவுக்கும் கொடுவுக்கும் இன்னுமொரு வேற்றுமை உண்டு. தரவும் வரவும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியவை. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்கிறது கிளவியாக்கம். எங்கள் ஊரில் இலக்கணம் படியாத கிழவியும் ‘எனக்குத் தந்தவை, அவனுக்குக் குடுத்தவை’ என்றே சொல்லுவாள்.

அப்படியானால் உயர்ந்தவன் தனக்காகக் ‘கொடு’ என்று கேட்பது எப்படி? அது படர்க்கைச் சொல் அல்லவா? தொல்காப்பியர் இதையும் யோசித்திருக்கிறார். அவன் தன்னையே பிறன் ஒருவன் போல வைத்துக் கேட்பான் என்கிறார். வகுப்பில் இந்தச் சூத்திரத்தை நடத்தும்போது மாணவர் சிரிப்பார்கள். யார் அப்படிப் பேசுவார்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையையும் அடித்தது. சில நாட்களின்பின் ஒரு பாடசாலையில் உடுப்புப் பகிர்ந்தவர்களோடு நானும் நின்றேன். வரிசையின் கடைசியில் ஒரு சம்மாட்டி. பல குடும்பங்களுக்குத் தொழில் தந்தவர். வள்ளமும் வலையும் போய், உடுத்த சாரத்தோடு நின்றார். முறை வந்ததும் என் முகத்தைப் பாராமல், ‘தம்பி, இந்தக் கிழவனுக்கும் ஒரு சாரம் குடுங்கோ’ என்றார்.

‘எனக்குத் தாங்கோ’ என்று அவர் நாவில் வரவில்லை. ‘எனக்கு’ என்றால் அவர் இரப்பவர். ‘இந்தக் கிழவனுக்கு’ என்றதும் வேறு யாருக்கோ பரிந்து பேசுகிறவர் ஆகிவிடுகிறார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்களும் பெரும்பாலும் ‘பிள்ளைக்குக் குடுங்கோ’ என்றுதான் கேட்டார்கள். உரையாசிரியர்கள் சொல்லமைதி என்று கடந்துபோகும் இந்த விதி, மானம் காக்கும் விதி என்றே நான் கொள்கிறேன்.

நிவாரணப் படிவத்திலோ ‘வழங்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தார்கள். கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை! வழங்கு, அளி, நல்கு மூன்றையும் அடுத்த வாரம் பார்ப்போம்.