பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீச்சர்

லால்பேட்டையில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். இலை கிள்ளிக்கொண்டிருந்தவரின் காலடியில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. அதன் பெயரைக் கேட்டேன். "நாய்க்கு என்னங்க பேரு? நாய்தான்" என்றார். மூன்று வருஷமாக ராத்திரிக் காவல் பார்க்கிறதாம். கூலி, மிச்சச் சோறு.

பாடம் நடத்திக்கொண்டே நாயும் பழக்கிய ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வீராணம் ஏரிக்கரையில் திரும்பி வரும்போது என் மனதில் ஓடியவர், இந்தப் பக்கமே வந்திராத விக்கி ஹெர்ன். 1946இல் டெக்சாஸில் பிறந்தவர். கவிஞர். கலிபோர்னியாவிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். நாய்களையும் குதிரைகளையும் பழக்கினார். அவருக்கு இரண்டும் வேறு வேறு தொழில் இல்லை.

1986இல் வந்த 'ஆடம்ஸ் டாஸ்க்' என்ற அவருடைய புத்தகம் முழுக்கப் பெயரைச் சுற்றித்தான் ஓடுகிறது. பழக்காத நாய்க்கு வைக்கும் பெயர் டப்பாவில் ஒட்டிய சீட்டு மாதிரி. ஒரு வேலைக்காகக் கூப்பிட்டு, நாயும் அதைப் புரிந்துகொண்டு வரும்போதுதான் அது பெயராகிறது என்பது அவர் கட்சி. நம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் வரை பையன் வெறும் வரிசை எண்தான்.

அவர் பின்பற்றியது வில்லியம் கோய்லர் என்ற பழைய பயிற்சியாளரின் முறை. முதல் பாடத்துக்கு வேண்டியது 15 அடி நீளக் கயிறு, அவ்வளவுதான். கயிற்றின் ஒரு முனை நாயின் கழுத்தில், மறுமுனை உங்கள் கையில். எதிரே ஒரு மரத்தைக் குறிவைத்து நேராக நடக்க வேண்டும். கூப்பிடக் கூடாது, அதட்டக் கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. நாய் வேறு பக்கம் ஓடினால் கயிறு தீர்ந்த இடத்தில் சுண்டும். சில நாளில் அது உங்கள் மேல் ஒரு கண் வைத்தே நடக்கும். இரைச்சல் போடும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசாமல் பலகைப் பக்கம் திரும்பி நின்றே அடக்கிய வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோய்லர் முறை முரட்டுத்தனமானது, தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதே மேல் என்கிறவர்கள் இன்று அதிகம். இருக்கட்டும்.

கனெக்டிகட் மாநிலத்தில் பேண்டிட் என்றொரு நாய். கடித்த குற்றத்துக்காக அதைக் கொன்றுவிட உத்தரவாயிற்று. ஹெர்ன் வழக்காடி அதை மீட்டார், தானே பழக்கினார், 1991இல் அதன் கதையைப் புத்தகமாக்கினார். இந்த விவகாரத்தைப் பற்றிய 'எ லிட்டில் விஷஸ்' என்ற ஆவணக் குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பேண்டிட் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கிலிதான் நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் நாய் வருகிறதோ இல்லையோ, சங்கிலி முதலில் வந்துவிடுகிறது. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டோம். சிப்பிப்பாறையையும் கன்னியையும் தமிழன் பெருமை என்கிறோம். முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்த அந்தக் கால்களை மூன்றடி இரும்பில் மாட்டி கேட்டோரம் நிறுத்துகிறோம். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கிக் கடலூர் வெயிலில் கட்டிப்போடுகிறவர்களைப் பற்றிப் பேசினால் பக்கம் போதாது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மனிதர்களோடும் பிற உயிர்களோடும் பழகக் கற்கும் முக்கியமான பருவம். அதைச் சங்கிலியில் கழித்த நாய் அந்நியரைக் கண்டு பாய்ந்தால், பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

நாய்க்குப் பாடம் என்றதும் இன்னொன்று. நான் போன லால்பேட்டை அரபுக் கல்லூரி உள்ள ஊர். திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம், நான்காவது வசனத்தில், வேட்டைக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்ற அனுமதி இருக்கிறது. நாயின் எச்சில் பட்டால் கழுவச் சொல்லும் அதே மரபில், படித்த நாய்க்கு ஒரு தனி மரியாதை! ஹெர்னுக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தெருநாய் கடித்த குழந்தையின் தாயிடம் போய் இதையெல்லாம் பேச முடியாது என்பது நியாயம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையிலேயே நான்கைந்து ஊசிதான். ஆனால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ரேபிஸ் முற்றினால் அநேகமாகப் பிழைப்பில்லை.

ஹெர்ன் 2001 ஆகஸ்ட்டில், 55 வயதில், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். குட்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று: தடுப்பூசிக்கு நாள் குறித்துவிட்டு, சங்கிலிக்குப் பதில் 15 அடிக் கயிறு வாங்குங்கள். ஒரு பெயரும் வையுங்கள்.