குடும்பச் சொத்தும் மரண சாசனமும்

குடியானவர் ஒருவர் உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், அறிந்தவர் நாலு பேரைக் கேட்கிறார். கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கிறார். ஆனால், ஆயுள் முழுதும் பாடுபட்டுச் சேர்த்த நிலமும் வீடும் தமக்குப் பின் எவரைச் சேர வேண்டும், சங்கத்தில் வாங்கிய கடனை எதைக் கொண்டு தீர்க்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதி வைப்பதில்லை. உயில் என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில் வீட்டுப் பெண்கள் அபசகுனம் என்று தடுப்பதும், "பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்" என்று சொல்லிப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவதும் வழக்கமாயிருக்கிறது. உயில் எழுதியதனால் எவரும் மாண்டதில்லை. எழுதாமல் மாண்டவர்களுடைய குடும்பங்களே முன்சீப் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காய் நிற்கின்றன.

எழுதாமல் இறந்தால் என்ன நேரும் என்பதை ஓர் உதாரணத்தால் காண்பது நலம். ஒரு ஹிந்துக் குடியானவருக்கு ஆறு ஏக்கர் நிலம் உண்டு என்று வைத்துக் கொள்க. அதில் நாலு ஏக்கர் குடும்பப் பாகப்பிரிவினையில் அவருக்கு வந்த பிதிரார்ஜிதம். மீதி இரண்டு ஏக்கர் அவரும் மனைவியும் முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் அவர் பேரில் வாங்கிய சுயார்ஜிதம். வயோதிகத் தாயார், மனைவி, இரண்டு குமாரர்கள், கலியாணமாகிப் புருஷன் வீட்டிலிருக்கும் ஒரு குமாரத்தி ஆகியோர் இருக்கின்றனர். அவர் ஒருநாள் களத்திலேயே மாரடைப்பால் இறந்து விடுகிறார். நிலம் தனக்கும் தம்பிக்குமே என்று மூத்த குமாரன் நினைக்கிறான். ஊராரும் அப்படியே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி சுயார்ஜிதமான இரண்டு ஏக்கர், தாயார், மனைவி, இரு குமாரர்கள், குமாரத்தி ஆகிய ஐவருக்கும் சமமாகச் சேரும். ஆளுக்கு நாற்பது சென்ட். பிதிரார்ஜிதத்தில் குமாரத்திக்கும் பிறப்பினாலேயே பாகம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-ம் வருஷத்துத் திருத்தம், அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன் விவாகமான பெண்களை விலக்கி, மற்றப் பெண்களுக்கு இவ்வுரிமையைக் கொடுத்தது. 2005-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி அமலுக்கு வந்த மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கி விட்டது. அத்தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே நாலு ஏக்கரைத் தகப்பனார், இரு குமாரர்கள், குமாரத்தி என்று நாலு பாகமாக்கினால் ஆளுக்கு ஓர் ஏக்கர். இறந்தவருடைய ஓர் ஏக்கர் மீண்டும் ஐந்தாகப் பிரிந்து ஆளுக்கு இருபது சென்ட் ஆகிறது. முடிவில் பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு ஒரு ஏக்கர் அறுபது சென்ட். தாயாருக்கு அறுபது சென்ட். முப்பது வருஷம் நாற்று நட்டுக் களை பறித்த மனைவிக்கும் அறுபது சென்ட்தான்.

ஆறு ஏக்கர் பண்ணையத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைப்பது அறுபது சென்ட் என்பதைப் படிப்போர் சற்று நின்று யோசிக்க வேண்டும். முன்காலத்து நிலை இதனினும் மோசமானது. 1937-ம் வருஷத்துச் சட்டத்துக்கு முன், பிள்ளையுள்ள விதவைக்குப் புருஷன் சொத்தில் ஜீவனாம்சமே உண்டு, பங்கு இல்லை. அச்சட்டம் பிள்ளைக்குச் சமமான பாகத்தைக் கொடுத்தாலும், அது ஆயுள்கால அனுபவ பாத்தியதையாக மட்டுமே இருந்தது. அதையும் மாகாணங்களின் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-ம் வருஷத்தில் பெடரல் கோர்ட்டு அபிப்பிராயம் சொல்லிற்று. இன்று பங்கு உண்டு, முழு உரிமையும் உண்டு; ஆனால் பங்கின் அளவு பிழைப்புக்குப் போதுமா என்று சட்டம் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் புருஷன்.

அவர் உயில் எழுதியிருந்தால், சுயார்ஜிதமான இரண்டு ஏக்கரையும், பிதிரார்ஜிதத்தில் தம் பாகமான ஓர் ஏக்கரையும் மனைவிக்கே எழுதி வைத்திருக்கலாம். 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் 30-வது பிரிவு, பிரியாத குடும்பத்தில் தன் பாகத்தையும் உயிலால் கொடுக்க அனுமதிக்கிறது. அந்த அம்மாள் மூன்று ஏக்கருக்கு உடையவளாகி, எவர் கையையும் எதிர்பாராமல் இருந்திருப்பாள். ஆனால் மற்ற மூன்று ஏக்கர் பிள்ளைகளுடைய பாகம். அதைப் பற்றி அவர் எழுதினாலும் செல்லாது. பட்டா தம் பேரில் இருப்பதனால் எல்லாம் தமக்கே சொந்தம் என்று எண்ணி, பிதிரார்ஜிதம் முழுவதையும் உயிலில் பங்கிட்டு விடுவோர் அனேகர். பட்டா என்பது தீர்வை செலுத்துவோரைக் குறிக்கும் கணக்கேயன்றிப் பாத்தியதைப் பத்திரமாகாது.

தாயாருடைய பங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த அறுபது சென்ட் அவளுக்குப் பின் அவளுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவருடைய அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளுக்கும் பாகமாகிறது. பாகம் பிரிந்து போன பங்காளி மீண்டும் அதே வயலில் கால் வைக்கிறார். வரப்புச் சண்டைகளுள் பல இந்த வழியில் பிறந்தவையே. தாயாரின் பராமரிப்புக்கு உயிலில் தனியே ஏற்பாடு செய்து விட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஏற்பாடு செய்யாமல் அவளை வெறுங்கையோடு விட்டு விடுவது தர்மமும் அல்ல, சட்டமும் அல்ல; சொத்தை அடைந்தவர்கள் அவளைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இனி, சங்க சம்பந்தமான விஷயம். அங்கத்தினர் இறந்தால் அவருடைய பங்குத்தொகையை, அவர் நியமித்த நபருக்கோ, நியமனம் இல்லையாயின் வாரிசு என்று பஞ்சாயத்தாருக்குத் தோன்றும் நபருக்கோ கொடுக்கலாம் என்பது 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே கண்ட விதி. இக்காலத்தில் நாமினி என்று வழங்கும் இந்த நியமனத்தைச் சேர்ந்த அன்று எழுதியதோடு பலர் மறந்து விடுகிறார்கள். விவாகத்துக்கு முன் சேர்ந்தவருடைய நாமினி பெரும்பாலும் அவருடைய தகப்பனாராயிருப்பார். தகப்பனார் காலமாகிப் பல வருஷமாகியும் பதிவுப் புஸ்தகத்தில் அவர் பெயரே நிற்கும். காரியதரிசியிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்து மாற்றிக் கொள்வதற்கு ஒரு நாழிகை போதும்.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக் கொள்ளும் கையே தவிர, அனுபவிக்கும் உடைமைக்காரர் அல்லர். இன்ஷியூரன்ஸ் விஷயத்தில் 1984-ம் வருஷத்திலும், கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023-ம் வருஷத்திலும் சுப்ரீம் கோர்ட்டு இதையே சொல்லிற்று. கூட்டுறவுச் சங்கப் பங்கைப் பற்றி 2016-ம் வருஷத்தில் அளித்த தீர்ப்பில், சங்கம் நாமினியின் பேருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியதே, ஆனால் மற்ற வாரிசுகள் தங்கள் பாத்தியதையைத் தனியே கோரலாம் என்று கூறியுள்ளது. ஆகையால் நாமினி வேறு, உயில் வேறு. இரண்டிலும் ஒரே பெயர் இருக்குமாறு பார்த்துக் கொண்டால் தகராறுக்கு இடமில்லை.

கடனைப் பற்றியும் தெளிவு வேண்டும். தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்க்க வேண்டுமென்ற பழைய ஹிந்து தர்ம விதி, 2005-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்குக் கோர்ட்டில் செல்லுபடியாகாது. ஆனால் இறந்தவருடைய ஆஸ்தி கடனுக்குக் கட்டுப்பட்டதே. வாரிசுகள் தாங்கள் அடைந்த சொத்தின் அளவுக்குக் கொடுக்க வேண்டியவர்கள். பிறருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இறந்தாலும், அதற்குமுன் கொடுக்கப்பட்ட கடனுக்கு அவருடைய ஆஸ்தி விலகுவதில்லை. தான் யாருக்கு ஜாமீன் நின்றார் என்பதை மனைவிக்குச் சொல்லாத புருஷர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் வீட்டில் தெரிகிறது. நகை ஈட்டுக் கடனும் அப்படியே. நகை மனைவியுடையது, ரசீது புருஷன் பேரில்; அவர் போன பின் மீட்கச் சென்றால் எல்லா வாரிசுகளும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமென்று சங்கம் கேட்கும். கேட்பது நியாயமே. அடகு வைத்த நகை இன்னாருடையது என்று உயிலில் ஒரு வரி இருந்தால் அவள் தன் நகைக்காகப் பிறரைக் கெஞ்ச வேண்டியதில்லை.

உயில் எழுதும் முறை ஜனங்கள் அஞ்சுவது போல் கஷ்டமானதன்று. வெள்ளைக் காகிதத்தில் எழுதலாம். முத்திரைப் பத்திரம் வேண்டுவதில்லை. எழுதுபவர் பிராயம் வந்தவராயும், நல்ல நினைவோடும் இருக்க வேண்டும். அவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அதைக் கண்ட, அல்லது அது தம்முடையதென்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்ட, இரண்டு சாட்சிகளாவது அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறதென்று சாட்சிகள் படித்தறிய வேண்டுவதில்லை. பின்னால் விவாதம் வந்தால் அவர்களில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரிப்பது அவசியமாதலால், எழுதுபவரைவிட இளையவர்களாயும், உள்ளூரில் நிலையாயிருப்பவர்களாயும் பார்த்து வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். எழுபது வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வயதுச் சாட்சி எதற்காகும்?

சொத்தை அடையப் போகிறவரே உயிலை எழுதுவித்து, வண்டி வைத்து அழைத்துப் போய், சாட்சியையும் தேடிக் கொடுத்தால் அந்த உயில் சந்தேகத்துக்கிடமாகும். அச்சந்தேகத்தை நீக்கும் பாரம் அவரையே சாரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1958-ம் வருஷத்திலேயே ஒரு மைசூர் வழக்கில் விளக்கியது. ஒரு பிள்ளையை விலக்க நேர்ந்தால் காரணத்தையும் இரண்டு வரி எழுதுவது நல்லது. வியாதிப் படுக்கையில் எழுதினால் வைத்தியரைச் சாட்சியாக வைப்பது உத்தமம்.

ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமன்று; செய்தால் நலம். மூடி முத்திரையிட்ட உறையில் ஜில்லா ரிஜிஸ்திராரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் வழி செய்திருக்கிறது. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி உயிலே செல்லும். ரிஜிஸ்டரான உயிலை ரிஜிஸ்டராகாத பிந்திய உயில் ரத்து செய்யும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆனால் சட்டம் அதுவே.

பத்திரம் எழுதுவோர் பழக்கத்தினால் சேர்த்து விடும் ஒரு வாசகத்தைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். மனைவிக்குக் கொடுக்கும் இடத்தில், "ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு பின்னிட்டு குமாரர்கள் அடைய வேண்டியது" என்று எழுதி விடுகிறார்கள். இதனால் அவளுக்கு விற்கவோ ஈடு வைக்கவோ உரிமை உண்டா இல்லையா என்பதே பெரிய வழக்காகி மேல்கோர்ட்டு வரை போகிறது. முழு உரிமை கொடுக்க எண்ணினால், சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியதென்று தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

உயிலுக்குப் பதிலாகச் செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதி உடனே கொடுத்து விடுவோரும் உண்டு. அது கட்டாயம் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். எழுதிய கணமே சொத்து கைமாறி விடும். பிறகு தாமாக ரத்து செய்ய இயலாது. பிள்ளைகளின் பிரியத்தை நம்பி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து விட்டுத் திண்ணையில் கஞ்சிக்குக் காத்திருக்கும் முதியோரைக் காணாத கிராமம் இல்லை. 2007-ம் வருஷத்து மூத்த பிரஜைகள் சட்டம், பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை தவறினால் மீட்க உதவுகிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமென்பதில் சிரத்தை வேண்டும். கூடியவரையில் தாம் குடியிருக்கும் வீட்டையாவது ஜீவிய காலத்தில் கைவிடாதிருப்பதே மேல்.

பெண் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். பிள்ளையில்லாத விதவை ஒருத்தி, பால் விற்றுச் சேர்த்த பணத்தில் வீடு கட்டி, உயில் எழுதாமல் இறந்தால், அவ்வீடு அவளை வளர்த்த தாய்க்கோ கூடவே இருந்து பார்த்த தம்பி மகளுக்கோ போகாது. புருஷனுடைய வாரிசுகளுக்கே போகும். அவளை ஒருநாளும் எட்டிப் பாராத கொழுந்தன் வந்து பூட்டுப் போடலாம். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டுமே தகப்பனார் வழிக்குத் திரும்பும். 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு இப்படி ஏற்பட்டிருக்கிறது. மாறும் வரையில் உயில் ஒன்றே அவளுக்குப் பரிகாரம்.

மகம்மதியர்களுக்கு விதி வேறு. கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சிய ஆஸ்தியில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல், வாரிசுகளின் சம்மதமின்றி, உயிலால் கொடுக்க முடியாது. கிறிஸ்தவர்கள் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குட்பட்டவர்கள். உயில் இல்லாவிடில் விதவைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்குச் சமமாக மீதி. பிள்ளைகள் இருந்தால் தாயாருக்குப் பாகமில்லை. சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய மனைவி அல்லது புருஷனுக்கோ கொடுத்த கொடை அவர்களுக்குச் செல்லாது. ஹிந்துக்களுக்கு இந்தத் தடை இல்லையென்றாலும், அடைபவரைச் சாட்சியாக வைக்காதிருப்பது எவருக்கும் க்ஷேமம்.

உயில் எழுதுமுன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் நிலத்தின் சர்வே நெம்பர், விஸ்தீரணம், வந்த வழி, மூலப் பத்திரம் இருக்குமிடம், சங்கக் கடன், ஜாமீன், அடகு ரசீது, கைமாற்று எல்லாவற்றையும் குறித்து வைப்பது வேலையைப் பாதியாக்கும். தை அறுப்பு முடிந்து சங்கக் கணக்கைத் தீர்க்க வரும் நாளிலேயே நாமினிப் பதிவையும் பார்த்து வரலாம். அந்த நோட்டுப் புஸ்தகம் இருக்கும் பெட்டியையும், அதன் சாவியையும் மனைவி அறிந்திருக்க வேண்டும்.